கடலோரம் சைக்கிள் ஓட்டுவோம்: திரும்பும் நேரத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

பினாங்குத் தீவின் கிழக்குக் கரையில் கடலை ஒட்டிச் செல்லும் சைக்கிள் பாதை பெரும்பாலும் சமதரையானது. ஜார்ஜ் டவுன் பக்கமிருந்து தெற்கே வந்தால், 1985-இல் திறக்கப்பட்ட பினாங்குப் பாலத்தைக் காணலாம். அதைக் கடந்தால் குவீன்ஸ்பே; கடலில் ஜெரஜாக் தீவு தெரியும். இன்னும் தெற்கே, பத்து மாவுங்கில், 2014-இல் திறக்கப்பட்ட இரண்டாவது பாலம்.

ஏற்றம் குறைவு என்பதால் இப்பாதை மூத்தோருக்கு ஏற்றது. ஆனால் போகும்போது களைப்பு தெரியாது. திரும்பும்போது வெயில் ஏறியிருக்கும், எதிர்காற்றும் வீசலாம். ஆகவே “அந்தப் பாலம் வரை போவேன்” என்று இடத்தைக் குறி வைக்காதீர்கள். கடிகாரத்தைப் பார்த்துத் திரும்புங்கள்.

என்ன நன்மை?

உங்கள் எடையின் பெரும்பகுதியை இருக்கை தாங்குவதால் முழங்காலுக்குப் பாரம் குறைவு. உழைக்கும் கால் தசைகள் இரத்தத்திலுள்ள சர்க்கரையைப் பயன்படுத்துகின்றன. வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடற்பயிற்சியை உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. ஆனால் எலும்புகள் உறுதியாக இருக்க நடப்பதும் தேவை. அதை விட்டுவிடாதீர்கள்.

எப்படித் தொடங்குவது?

- இதய நோய், நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் இருந்தாலோ, அடிக்கடி தலைசுற்றல் வந்தாலோ, முதலில் மருத்துவரிடம் கேளுங்கள்.
- பல ஆண்டுகள் ஓட்டாதவர்கள் ஆளில்லாத திடலில் ஏறவும் இறங்கவும் பிரேக் பிடிக்கவும் பழகுங்கள்.
- முதல் வாரம் 3 நாள்: போக 5 நிமிடம், வர 5 நிமிடம். சிரமமில்லை என்றால் வாரந்தோறும் மொத்தம் 5 நிமிடம் கூட்டுங்கள்.
- ஓட்டும்போது பேச முடிய வேண்டும். பாட முடியாத அளவு மூச்சு வாங்கலாம். பேசவே முடியவில்லை என்றால் வேகத்தைக் குறையுங்கள். சில இரத்த அழுத்த மருந்துகள் நாடித்துடிப்பைக் குறைக்கும். அவற்றை உட்கொள்வோர் நாடியை மட்டும் நம்ப வேண்டாம்.

சைக்கிளும் உடையும்

பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் சற்றே மடங்கியிருக்கட்டும். இருக்கை மிகத் தாழ்ந்தால் முழங்கால் வலிக்கும். துப்பட்டா, சேலைத் தலைப்பு, வேட்டி நுனி சங்கிலியில் சிக்கலாம். காற்சட்டையும் காலணியும் நல்லது. தலைக்கவசம் அணியுங்கள். சாலைச் சந்திப்புகளில் இறங்கித் தள்ளிச் செல்லுங்கள்.

பாலத்தின் மேல் வேண்டாம்

பாலங்கள் வேக வாகனங்களுக்கானவை, சைக்கிளில் ஏறாதீர்கள். பட்டர்வொர்த் செல்ல விரும்பினால் பெர்ரியில் சைக்கிளைக் கொண்டு செல்லலாம்.

உடனே நிறுத்த வேண்டிய அறிகுறிகள்

நெஞ்சுவலி, கடும் மூச்சுத்திணறல், மயக்கம், ஒரு பக்கம் கை கால் தளர்வு: இறங்கி உட்கார்ந்து 999-ஐ அழையுங்கள்.

நீரிழிவு உள்ளோருக்குக் கைநடுக்கம், குளிர்ந்த வியர்வை, குழப்பம் ஏற்பட்டால் சர்க்கரை குறைந்திருக்கலாம். 3 தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிடம் ஓய்வெடுங்கள். சர்க்கரையற்ற பானம் உதவாது. சரியாகவில்லை என்றால் மீண்டும் குடியுங்கள். மயங்கியவரின் வாயில் எதையும் ஊற்றாமல் 999-ஐ அழையுங்கள்.

புறப்படும் முன் உங்களைக் கேளுங்கள்

1. காலை உணவும் மருந்தும் வழக்கம்போல் எடுத்தேனா?
2. தண்ணீர், சர்க்கரைப் பொட்டலம், கைப்பேசி, மருந்துப் பட்டியல் பையில் உள்ளனவா?
3. எங்கே போகிறேன், எப்போது வருவேன் என்று வீட்டில் சொன்னேனா?
4. எத்தனை மணிக்குத் திரும்புவேன்?

நான்காவது கேள்விக்குப் பதில் இல்லாமல் பெடலை மிதிக்காதீர்கள். இரண்டாவது பாலம் அடுத்த மாதமும் அங்கேயே இருக்கும்.