பின்னால் வருவது வேகத்தைக் குறைக்க வேண்டும்

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் கடிதத்தில் மூன்று கேள்விகள் இருந்தன. முதலாவது கோட்டுருவியல் பற்றியது; நீங்கள் வகுப்பில் கிராஃப் தியரி என்று படிப்பது. இரண்டாவது செயற்கைக்கோள்களின் சுற்றுப்பாதை பற்றியது. மூன்றாவது, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை என்று உங்களிடம் சிலர் சொன்ன இந்த இரண்டில் மேற்படிப்புக்கு எதை எடுப்பது, எதை விடுவது என்பது. இதே குழப்பம் உங்களைப் போன்ற பலருக்கும் இருக்கும் என்பதால் இதழிலேயே பதில் எழுதுகிறேன்.

கோனிக்ஸ்பர்க் நகரத்துப் பாலங்கள் உங்களுக்குத் தெரிந்த கதைதான். பிரெகல் ஆறு நகரத்தை நான்கு நிலத்துண்டுகளாகப் பிரித்திருந்தது; அவற்றை ஏழு பாலங்கள் இணைத்தன. ஒவ்வொரு பாலத்தையும் ஒரே ஒரு முறை கடந்து ஊரைச் சுற்றிவர முடியுமா? முடியாது என்று 1735-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அறிவியல் கழகத்தில் ஆய்லர் காட்டினார். ஓர் இடத்துக்குள் நுழைய ஒரு பாலம், வெளியேற ஒரு பாலம். ஆகவே வழியில் வரும் இடங்களுக்கெல்லாம் பாலங்கள் இரட்டைப்படையில் இருக்க வேண்டும். கோனிக்ஸ்பர்க்கில் தீவுக்கு ஐந்து, மற்ற மூன்று நிலங்களுக்கும் மும்மூன்று. நான்குமே ஒற்றைப்படை.

இதுவரை புரிகிறது என்கிறீர்கள். “எல்லாம் இரட்டைப்படையாக இருந்துவிட்டால் மட்டும் வழி கட்டாயம் இருக்கும் என்று எப்படிச் சொல்கிறார்கள்?” என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த வரியைப் படித்ததும் மகிழ்ந்துபோனேன். ஆய்லரே அந்தப் பாதியை முழுதாக நிறுவவில்லை. கார்ல் ஹியர்ஹோல்ட்சர் என்ற ஜெர்மானியர் நிறுவினார். எழுதி வெளியிடும் முன்பே 1871-ல் இறந்துபோனார். அவர் சொல்லக் கேட்டதை நினைவிலிருந்து எழுதி 1873-ல் வெளிவரச் செய்தவர்கள் அவருடைய சக கணிதவியலாளர்கள்.

அவர் வழி எளிமையானது. ஏதோ ஓர் இடத்தில் தொடங்கி, கடந்த பாலத்தை மறுபடி கடக்காமல் மனம்போனபடி நடங்கள். நடுவில் எங்கும் சிக்கிக்கொள்ள மாட்டீர்கள். இரட்டைப்படை என்பதால், நுழைந்த இடத்திலிருந்து வெளியேற இன்னொரு பாலம் கட்டாயம் மிச்சமிருக்கும். நடை நிற்கக்கூடிய ஒரே இடம் தொடங்கிய இடம். அப்படி நின்றபின் கடக்காத பாலங்கள் இருந்தால், ஊர் முழுவதும் இணைந்திருப்பதால், அவற்றில் ஒன்றாவது நீங்கள் ஏற்கெனவே மிதித்த ஓர் இடத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். அங்கிருந்து புதிதாக ஒரு சுற்று நடந்து அங்கேயே திரும்புங்கள். அதைப் பழைய சுற்றின் நடுவே செருகிவிடுங்கள். பாலங்கள் தீரும்வரை இதையே செய்யலாம். காகிதத்தில் ஒரு முறை செய்து பாருங்கள், போதும்.

முன்னே போகும் கலத்தைப் பிடிக்கப் பின்னால் வருவது ஏன் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்ற இரண்டாவது கேள்விக்கு எண்களோடுதான் பதில் சொல்ல வேண்டும். 400 கிலோமீட்டர் உயரத்தில் ஒரே வட்டப்பாதையில் இரண்டு கலங்கள், 10 கி.மீ. இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகப் போகின்றன. வேகம் நொடிக்கு 7.67 கி.மீ.; ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 92.5 நிமிடம். முன்னதைப் பிடிக்க, பின்னது நொடிக்கு ஒரே ஒரு மீட்டர் வேகம் கூட்டுகிறது என்று கொள்வோம். அதன் பாதை அப்போதே நீள்வட்டமாகிவிடும். பூமியின் மறுபக்கத்தில் மூன்றரை கி.மீ. உயர்ந்துவிடும். பாதை பெருத்தால் சுற்றுக்காலமும் நீளும் என்பது கெப்ளரின் மூன்றாம் விதி. நீள்வது இரண்டு நொடிக்குச் சற்று மேல்தான். ஆனால் அந்த வேகத்தில் இரண்டு நொடி என்பது 16 கி.மீட்டருக்கும் மேல்! ஒரு சுற்று முடியும்போது இடைவெளி 10-லிருந்து ஏறக்குறைய 27 கி.மீ. ஆகியிருக்கும்.

பிடிக்க வேண்டுமானால் பின்னது நொடிக்கு 0.6 மீட்டர் வேகத்தைக் குறைக்க வேண்டும். பாதை சற்றுத் தாழும், சுற்று சீக்கிரம் முடியும். ஒரு சுற்றுக்குப்பின் இரண்டும் ஒரே இடத்தில் இருக்கும். அப்போது குறைத்த 0.6 மீட்டரைத் திரும்பக் கூட்டிக்கொண்டால் சேர்ந்தே போகலாம். ஒரு சுற்றில் இழப்பது அல்லது பெறுவது எவ்வளவு என்பதற்குச் சின்னச் சூத்திரம்: வேக மாற்றம், சுற்றுக்காலம் இரண்டையும் பெருக்கி, அதை மூன்று மடங்காக்குங்கள். கெப்ளர் விதியிலிருந்து நீங்களே வருவித்துவிடலாம்.

இதை நம்ப முடியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். 1965 ஜூனில் ஜெமினி 4 கலத்தில் பறந்த ஜேம்ஸ் மெக்டிவிட், தங்களைச் சுமந்துவந்த ராக்கெட்டின் இரண்டாம் அடுக்கை நெருங்க முயன்றார். அதை நோக்கியே கலத்தைத் திருப்பி உந்தினார். அது விலகிப் போனது. எரிபொருள் கரைந்ததால் முயற்சி கைவிடப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் ஜெமினி 6ஏ, சுற்றுப்பாதைக் கணக்கைப் பின்பற்றி ஜெமினி 7-க்கு ஏறத்தாழ ஓரடி தூரம் வரை சென்றது.

இனி மூன்றாவது. இரண்டு பாடங்களுக்கும் தொடர்பில்லை என்று உங்களுக்குச் சொன்னவர்களோடு நான் உடன்படவில்லை. ஆய்லர் பாலத்தின் நீளத்தையும் ஆற்றின் வளைவையும் தூக்கிப் போட்டார். எது எதோடு இணைகிறது என்பதை மட்டும் வைத்துக்கொண்டார். மேலே போட்ட கணக்கில் கலத்தின் எடை எங்கும் வரவில்லை. பூமியையும் ஒரு புள்ளியாகவே எடுத்துக்கொண்டோம். எதை விட்டால் விடை கெடாது என்று கண்டுபிடிப்பதுதான் இரண்டிலும் முதல் வேலை. விட்டதைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டிய கட்டம் வரும்போது இரண்டு பாடங்களும் சேர்கின்றன.

2017-ல் ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் ஆய்வுக்குழு நடத்திய விண்பாதைப் போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். தாழ்ந்த சுற்றுப்பாதைகளில் 123 குப்பைகள். எல்லாவற்றையும் மிகக் குறைந்த செலவில் அகற்றத் திட்டம் தர வேண்டும். குப்பை ஒவ்வொன்றும் ஒரு முனை, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போவது ஒரு கோடு. எந்த வரிசையில் போவது? வரிசைகளின் எண்ணிக்கையே 206 இலக்கம் கொண்ட எண்.

இங்கே பூமியைப் புள்ளியாக வைத்தால் கணக்கு பொய்யாகிவிடும். பூமி நடுக்கோட்டில் பெருத்தது; நடுக்கோட்டு ஆரம் துருவ ஆரத்தைவிட 21 கி.மீ. அதிகம். அந்தப் பெருத்த பகுதியின் இழுப்பால், சுழலும் பம்பரம் விழாமல் தலையை வட்டமாக ஆட்டுவது போல, சுற்றுப்பாதையின் தளம் மெல்லத் திரும்பிக்கொண்டே இருக்கும். நம் தொலையுணர்வுச் செயற்கைக்கோள்கள் பலவும் இதைப் பயன்படுத்தித்தான், தளம் நாளுக்கு ஒரு பாகைக்குச் சற்றுக் குறைவாகத் திரும்பும்படி, சூரியனோடு ஒத்துப்போகின்றன. குப்பைகளின் தளங்களோ ஆளுக்கொரு வீதத்தில் திரும்புகின்றன. இரண்டு தளங்களுக்கு இடையே 10 பாகை வேறுபாடு இருக்கும் நாளில் தாவ, நொடிக்கு 1.3 கி.மீ. வேக மாற்றம் தேவை. தளங்கள் ஒன்றுசேரும் நாள்வரை காத்திருந்தால் அந்தச் செலவு ஏறக்குறைய இல்லாமலே போய்விடும். ஆக, இந்தக் கோட்டுருவின் ஒவ்வொரு கோட்டுக்கும் விலை நாளுக்கு நாள் மாறுகிறது! உங்கள் பாடநூலில் கோடுகளின் எடை மாறாத எண். இங்கே அந்த எடையைச் சொல்லச் சுற்றுப்பாதை இயக்கவியல் வேண்டும். வரிசையைச் சொல்லக் கோட்டுருவியல் வேண்டும். போட்டியில் வென்றது நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகம்.

ஆகவே இப்போதைக்கு இரண்டில் எதையும் விடாதீர்கள். எதில் சேர்ந்தாலும் மற்றதை விருப்பப் பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். நிரல் எழுதவும் பழகுங்கள்.

கடைசியாக ஒரு கணக்கு தருகிறேன். அ, ஆ, இ என்று மூன்று குப்பைகள். இன்று அவற்றின் தளங்கள் முறையே 0, 30, 12 பாகையில் இருக்கின்றன. ஒரே திசையில் நாளுக்கு 1.00, 0.90, 0.94 பாகை வீதம் திரும்புகின்றன. இரண்டு தளங்கள் சேரும் நாளில் மட்டுமே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவலாம். எந்தக் குப்பையில் தொடங்கினால் மூன்றையும் மிகச் சீக்கிரம் தொட்டு முடிக்கலாம்? எத்தனையாவது நாளில்? விடையைக் காரணத்தோடு எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்