அந்திமகாலப் பராமரிப்பு: நல்ல சேவையை இனங்காண்பது எப்படி?



ஆலயச் சிறப்பு மலரில் மரணத்தைப் பற்றிய கட்டுரையா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். காலனைக் காலால் உதைத்த இறைவனின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆயினும், மார்க்கண்டேயருக்குக் கிட்டிய வரம் நம் எல்லாருக்கும் கிட்டுவதில்லை. நம் பெற்றோருக்கும் உடன்பிறந்தோருக்கும் நமக்கும் அந்த நாள் வந்தே தீரும். அப்போது யாரை நாடுவது, அவர்களுடைய சேவை தரமானதா என்று எப்படி அறிவது என்பதை நலமாக இருக்கும்போதே கற்றுக்கொள்வது நல்லது.

சென்ற ஆண்டு எங்கள் ஆலய நிர்வாகக் குழுக் கூட்டத்தில், அந்திமகாலப் பராமரிப்பு நிலையம் ஒன்றுக்கு அறநிதியிலிருந்து உதவலாம் என்ற யோசனை வந்தது. ஒருவர், கட்டில் ஒன்றை நன்கொடையாக வழங்கி ஆலயத்தின் பெயரைப் பொறிக்கலாம் என்றார். இன்னொருவர், நேரில் சென்று கட்டடத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றார். ‘அவர்களிடம் என்ன கேட்க வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போவோம்’ என்று நான் சொன்னேன். முப்பத்தைந்து ஆண்டுகள் ஆசிரியராக இருந்தவன் வேறென்ன சொல்வான்! அந்தத் தாளே இன்று இந்தப் பாடமாக விரிந்திருக்கிறது.

இச்சேவை என்பது யாது?

நோயைக் குணப்படுத்த இயலாத நிலையில், வலியையும் மூச்சுத்திணறல் போன்ற தொல்லைகளையும் தணித்து, நோயாளியின் மனத்துக்கும் குடும்பத்துக்கும் துணைநிற்பதே அந்திமகாலப் பராமரிப்பு. இது மரணத்தை விரைவுபடுத்துவதுமில்லை, வலிந்து தள்ளிப்போடுவதுமில்லை.

இதன் இன்றைய வடிவத்துக்கு வித்திட்டவர் இங்கிலாந்தின் சிசிலி சாண்டர்ஸ் அம்மையார். தாதியாகவும் சமூக சேவையாளராகவும் பணியாற்றிய பின்னர் மருத்துவம் பயின்ற இவர், 1967ஆம் ஆண்டில் லண்டனில் செயிண்ட் கிறிஸ்டோபர்ஸ் நிலையத்தைத் தொடங்கினார். நோயாளியின் வலி உடலைச் சார்ந்தது மட்டுமன்று. மனம், குடும்பம், ஆன்மிகம் ஆகியவற்றையும் சார்ந்தது என்று அவர் கற்பித்தார்.

சிங்கப்பூரில் 1985ஆம் ஆண்டில் செயிண்ட் ஜோசப்ஸ் இல்லம் 16 படுக்கைகளை இதற்கென ஒதுக்கியது. 1989ஆம் ஆண்டில் பதிவுபெற்ற ஹாஸ்பிஸ் கேர் அசோசியேஷன், இன்று எச்சிஏ என்ற பெயரில் வீடுதேடிச் சென்று கட்டணமின்றிச் சேவை புரிகிறது. 1995ஆம் ஆண்டில் சிங்கப்பூர் ஹாஸ்பிஸ் மன்றம் அமைந்தது. 2014ஆம் ஆண்டில் இப்பராமரிப்புக்கெனத் தேசிய வழிகாட்டி நெறிமுறைகளும் வகுக்கப்பட்டன. இன்று வீட்டுப் பராமரிப்பு, பகல்நேரப் பராமரிப்பு, உள்நோயாளிப் பராமரிப்பு என்று மூவகைச் சேவைகள் கிடைக்கின்றன.

இரண்டு இரவுகள்

2011ஆம் ஆண்டில் என் மூத்த அக்காள் கணையப் புற்றுநோயால் ஒரு நிலையத்தில் சேர்க்கப்பட்டார். அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவன் நானே. அழகான தோட்டம், பளிச்சென்ற தரை, இன்முகத்துடன் வரவேற்பாளர். எனக்கு மனம் நிறைந்துவிட்டது. மூன்றாம் நாள் இரவு ஒரு மணிக்கு அக்காளுக்குக் கடும் வலி எடுத்தது. கூடுதல் மருந்து கொடுக்க மருத்துவரின் உத்தரவு வேண்டும், மருத்துவர் காலையில்தான் வருவார் என்றார்கள். விடியும்வரை அவர் என் கையைப் பற்றிக்கொண்டே கிடந்தார். ‘தம்பி, யாரையாவது கூப்பிடுடா’ என்ற அவருடைய குரல் இன்னும் என் காதைவிட்டு அகலவில்லை. இரவில் வலி வந்தால் என்ன செய்வீர்கள் என்று சேர்க்கும்போதே நான் கேட்டிருக்க வேண்டும். எனக்குத் தோன்றவில்லை.

2019ஆம் ஆண்டில் என் அண்ணனுக்கு நுரையீரல் புற்றுநோய். இம்முறை வீட்டுப் பராமரிப்புச் சேவையை நாடினோம். முதல் வருகையிலேயே தாதி ஒரு சிறு மருந்துப் பெட்டியைக் கொடுத்து, எந்த மருந்து எதற்கு, எவ்வளவு என்று தாளில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டிவிட்டுப் போனார். ஓர் இரவு இரண்டு மணிக்கு மேல் அண்ணனுக்கு மூச்சுத்திணறல் அதிகமாயிற்று. தொலைபேசியில் அழைத்தோம். உடனே எடுத்தார்கள். ‘அங்கிள், முதலில் அவரைச் சாய்த்து உட்கார வையுங்கள். பெட்டியில் இருக்கும் மார்ஃபின் மருந்தை எடுங்கள். நான் தொலைபேசியிலேயே இருக்கிறேன்’ என்றார் அந்தச் சீனத் தாதி. அரை மணி நேரத்தில் அண்ணன் அமைதியாக உறங்கினார். அக்காளுக்கும் அண்ணனுக்கும் நோய் கடுமையானதுதான். வேறுபாடு சேவையில் இருந்தது.

கேட்க வேண்டிய ஆறு கேள்விகள்

ஒன்று: வலியை எவ்வாறு அளக்கிறீர்கள், எவ்வாறு தணிக்கிறீர்கள்?

நல்ல நிலையத்தில் வலியைப் பூச்சியம் முதல் பத்துவரை எண்ணால் கேட்டு, ஒவ்வொரு முறையும் பதிவு செய்வார்கள். பேச இயலாதவர்க்கு முகக்குறியைக் கொண்டு கணிப்பார்கள். உலகச் சுகாதார நிறுவனம் 1986ஆம் ஆண்டிலேயே புற்றுநோய் வலிக்கு முறையான மருத்துவ வழியை வகுத்துத் தந்துவிட்டது. இயன்றவரை வாய்வழியாக, வலி வரும்வரை காத்திராமல் கடிகாரம் பார்த்து மருந்து கொடுப்பது அதன் அடிப்படை. மார்ஃபின் என்றதும் நம்மவர் அஞ்சுவர். வலிக்கேற்ற அளவில், மருத்துவர் மேற்பார்வையில் கொடுக்கப்படும் மார்ஃபின் உயிரைப் பறிப்பதில்லை. அதனால் மலச்சிக்கல் ஏற்படுவது உண்மை. ஆகவே, மலமிளக்கியையும் சேர்த்துத் தருகிறார்களா என்று கேளுங்கள். இந்தச் சிறு கேள்விக்கு வரும் பதிலே அவர்களுடைய அனுபவத்தைக் காட்டிவிடும்.

இரண்டு: இரவு இரண்டு மணிக்கு அழைத்தால் யார் எடுப்பார்?

பயிற்சி பெற்ற தாதியா, செய்தியை மட்டும் குறித்துக்கொள்பவரா? அவரிடம் நோயாளியின் விவரம் இருக்குமா? தேவையெனில் வீட்டுக்கு வருவார்களா? கூடுதல் மருந்துக்கு மருத்துவர் முன்னதாகவே உத்தரவு எழுதி வைத்திருப்பாரா? வார இறுதியிலும் தீபாவளி, சீனப் புத்தாண்டு நாள்களிலும் இதே ஏற்பாடு உண்டா? ஆறில் ஒன்றைத்தான் கேட்க முடியும் என்றால் இதையே கேளுங்கள்.

மூன்று: நோயாளியிடம் உண்மையை யார், எந்த மொழியில் பேசுவார்?

நம் குடும்பங்களில் ‘அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள்’ என்பது வழக்கம். நல்ல மருத்துவர் அதற்காகக் கோபிக்கமாட்டார். நோயாளி எவ்வளவு அறிய விரும்புகிறார் என்பதை மெல்லக் கேட்டறிவார். தமிழ் மட்டுமே அறிந்த முதியவருக்குப் பதினான்கு வயதுப் பேரப்பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக நிறுத்துவது முறையன்று. தமிழறிந்த ஊழியரோ தொண்டூழியரோ இருக்கிறாரா என்று கேளுங்கள். நோயாளியின் விருப்பங்களைப் பதிவு செய்யும் முன்கூட்டிய பராமரிப்புத் திட்டம் சிங்கப்பூரில் 2011ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ளது. அதைப் பற்றிப் பேச அவர்களே முன்வருகிறார்களா என்றும் கவனியுங்கள்.

நான்கு: நம் சமய வழக்கங்களுக்கு இடம் உண்டா?

சைவ உணவு கிடைக்குமா என்பதோடு நின்றுவிடக் கூடாது. சில மாத்திரைக் கூடுகள் விலங்குப் பொருளால் ஆனவை. மாற்று மருந்து தர முடியுமா? திருநீறு இடவும் தேவாரம் ஓதவும் தடையுண்டா? தாலியையோ ருத்திராட்சத்தையோ கழற்றும் முன் குடும்பத்தாரைக் கேட்பார்களா? பெண்களைக் குளிப்பாட்டப் பெண் தாதியர் இருப்பார்களா? நாமும் சிலவற்றை உணர வேண்டும். உயிர்வாயுக் கருவி இயங்கும் அறையில் கற்பூரமும் நெய்விளக்கும் ஏற்றுவது ஆபத்து. மின்விளக்கை வைத்துக்கொள்ளலாம்.

கடைசி நேரத்தில் வாயில் பால் அல்லது கங்கைநீர் விடுவது நம் வழக்கம். விழுங்கும் ஆற்றல் குன்றியவருக்குக் கரண்டியால் ஊற்றினால் புரையேறி அவதிப்படுவார். என் அண்ணனின் தாதி இதைக் கூடாதென்று மறுக்கவில்லை. பஞ்சைப் பாலில் நனைத்து, பிழிந்து, உதட்டையும் நாவையும் ஈரமாக்கக் கற்றுக்கொடுத்தார். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து செய்தனர். வழக்கமும் நிறைவேறியது, அண்ணனுக்கும் துன்பமில்லை.

ஐந்து: குடும்பத்தாருக்கு என்ன கற்றுத்தருவீர்கள்?

வீட்டில் பராமரிப்பவர் பெரும்பாலும் மனைவி, மகள், மருமகள் அல்லது பணிப்பெண். படுக்கைப்புண் வராமல் புரட்டிப் படுக்கவைப்பது, வாயைச் சுத்தம் செய்வது ஆகியவற்றை அருகில் நின்று செய்துகாட்ட வேண்டும். இறுதி நாள்களில் பசி குறைவது இயல்பு, தொண்டையில் கரகரவென ஓசை கேட்கலாம் என்பதை முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். சொல்லாவிட்டால், ‘பட்டினி போட்டுவிட்டோமே’ என்ற குற்றவுணர்வு குடும்பத்தாரை ஆண்டுக்கணக்கில் வாட்டும். பராமரிப்பவர் சில நாள் ஓய்வெடுக்க ஏற்பாடு உண்டா என்றும் விசாரியுங்கள்.

ஆறு: உயிர் பிரிந்தபின் என்ன நடக்கும்?

வீட்டில் மரணம் நேர்ந்தால் மருத்துவர் வந்து காரணத்தைச் சான்றளிக்க வேண்டும். நோயாளியின் வரலாறு தெரியாத மருத்துவரால் சான்றளிக்க இயலாமல் போனால் விவகாரம் காவல்துறைவரை செல்லக்கூடும். நம்மவர் பெரும்பாலும் அன்றோ மறுநாளோ ஈமச்சடங்கை முடிக்க விரும்புவதால் தாமதம் பெரும் மனவேதனை தரும். சிங்கப்பூரில் 2022 மே 29 முதல், மருத்துவர் சான்றளித்ததுமே இறப்பு தானாகப் பதிவாகி, மின்னிலக்கச் சான்றிதழ் கிடைக்கிறது. ஆகவே, நள்ளிரவில் சான்றளிக்க யார் வருவார் என்பதை முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். துக்கத்தில் இருக்கும் குடும்பத்தைப் பின்னரும் அழைத்து விசாரிப்பார்களா என்பதும் தரத்தின் ஓர் அளவுகோலே.

பதில்களை மதிப்பிடுவது எப்படி?

விடைத்தாள் திருத்திய அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். விடை தெரிந்த மாணவன் படிப்படியாக எழுதுவான். தெரியாதவன் அலங்காரமாக எழுதுவான். ‘நாங்கள் அன்புடன் பார்த்துக்கொள்வோம்’ என்பது அலங்காரம். ‘இரவில் இந்த எண்ணை அழையுங்கள், பணியில் உள்ள தாதி எடுப்பார், அவருக்கு மேல் இந்த மருத்துவர் இருக்கிறார்’ என்பது விடை. ‘சென்ற ஆண்டு எந்தக் குறையைக் கண்டறிந்து திருத்தினீர்கள்?’ என்றும் கேளுங்கள். குறையே இல்லை என்பவரைவிட, ஒரு குறையைச் சொல்லித் திருத்திய விதத்தையும் விளக்குபவரை நம்பலாம். கடைசி வாரம்வரை காத்திராமல் முன்னதாகவே நாடுங்கள். சேர்ந்தவர் எல்லாரும் அங்கேயே இறப்பதில்லை. வலி அடங்கியதும் வீடு திரும்புபவர்களும் உண்டு.

நன்கொடையாளர்களுக்கு

குடும்பத்தார் கேட்கும் அதே கேள்விகளை நன்கொடையாளரும் கேட்கலாம். கூடவே ஆண்டறிக்கையையும் தணிக்கை செய்யப்பட்ட கணக்கையும் பாருங்கள். நிதி திரட்டுவதற்கு எவ்வளவு செலவாயிற்று, நோயாளிகளைச் சென்றடைந்தது எவ்வளவு என்று நோக்குங்கள். இனம், சமயம், வசதி பாராமல் ஏற்கிறார்களா, மறைந்தவர்களின் குடும்பத்தாரிடம் கருத்துக் கேட்கிறார்களா என்றும் விசாரியுங்கள். கட்டடத்துக்கும் கட்டிலுக்கும் கொடுக்க மனம் எளிதில் இசைகிறது. தாதியரின் சம்பளம், அவர்களுடைய பயிற்சி, வீடுகளுக்கு இரவல் தரும் உயிர்வாயுக் கருவி ஆகியவை கண்ணுக்குத் தெரிவதில்லை. வலியில் துடிப்பவருக்கு உதவுபவை அவைதாம்.

எங்கள் குழுவினர் அந்த ஆறு கேள்விகளுடன் நிலையத்துக்குச் சென்று ஒரு முழுப் பிற்பகல் உரையாடினர். ஐந்துக்குத் தெளிவான விடை கிடைத்தது. தமிழ் பேசும் ஊழியர் போதவில்லை என்பதை அவர்களே ஒப்புக்கொண்டனர். கட்டிலுக்குப் பதிலாக இரவுப் பணித் தாதியருக்கான செலவில் ஒரு பகுதியை ஏற்க முடிவு செய்தோம். அதற்குப் பெயர்ப்பலகை கிடையாது. மேலும், ஆலயத் தொண்டர் சிலர் அங்கே தமிழ் பேசும் தொண்டூழியர்களாகச் சேரப் பெயர் கொடுத்துள்ளனர். இன்னும் சிலர் தேவை. விருப்பமுள்ள அன்பர்கள் ஆலய அலுவலகத்தில் தங்கள் பெயரைப் பதிந்துகொள்ளுமாறு அன்புடன் வேண்டுகிறேன்.

என் அக்காளுக்காகக் கேட்கத் தவறிய கேள்வியை உங்கள் வீட்டாருக்காக நீங்கள் கேளுங்கள். நோயுற்ற அனைவரும் வலியின்றி, தம் மக்கள் அருகிருக்க, இறைவன் திருநாமம் காதில் ஒலிக்க அமைதி பெற எல்லாம் வல்ல பரம்பொருள் திருவருள் புரிவாராக.