மோட்டார் வண்டியின் காலதரும் பேழையும்

காற்று இயங்கும் வழிக்குக் காலதர் என்பது பழந்தமிழ்ப் பெயர். கால் என்பது காற்று. அதர் என்பது வழி. நெடுநல்வாடை பாடிய நக்கீரர், வேனிற்காலத்தில் தென்றலை உள்ளே கொணரும் வாயில், கூதிர்க்காலத்தில் தாழிட்டு அடைக்கப்பட்டமையைக் கூறுகின்றார். வேண்டும்பொழுது திறத்தலும் வேண்டாப்பொழுது அடைத்தலுமே காலதரின் இலக்கணம் என்பது அதனாற் பெறப்படும். இற்றைநாள் மோட்டார் வண்டியின் முகப்பிலுள்ள பொத்தான்கள் செய்யும் தொழிலும் இதுவே. ஆயினும், வண்டியில் ஏறுவோருள் பெரும்பாலார் அப்பொத்தான்களுள் குளிர்ச்சியைக் கூட்டுவதொன்றையே அறிவர். ஏனையவை விலையோடு சேர்ந்து வந்த அணிகள் என்றே கருதிவிடுகின்றனர். அறியாமையால் உறக்கமும், தலைநோவும், சிலபொழுது உயிர்க்கேடும் நேர்தலின், இதனை ஈண்டுச் சிறிது விரித்துரைக்கப் புகுந்தோம்.

எடுத்துக்காட்டாக நாம் கொள்வது திண்டிவனத்திற்கும் விழுப்புரத்திற்கும் இடைப்பட்ட பெருஞ்சாலை. ஏறத்தாழ 40 கிலோமீட்டர் நீளமுடைய இவ்வழியில் மோட்டார் வண்டி எதிர்ப்படும் காற்றின் வகையெல்லாம் அடங்கியுள்ளன. சித்திரை, வைகாசியில் அனல். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. மார்கழி விடியலில் மூடுபனி. விக்கிரவாண்டிச் சுங்கச்சாவடியில் வரிசையாய் நிற்கும் லாரிகளின் புகை. திருவக்கரைப் பக்கத்துக் கருங்கற் குவாரிகளினின்று சல்லி ஏற்றிவரும் வண்டிகள் இறைக்கும் தூசி. ஒரே பயணத்தில் இவற்றுள் இரண்டு மூன்றேனும் வாராமற் போகா.

முற்காலத்து வண்டிகளில் காற்றின் வரவு கண்ணுக்குத் தெரிந்தது. உத்தரபாராவில் 1950-களின் பிற்பகுதி முதல் 2014 வரை செய்யப்பட்ட அம்பாசடர் வண்டியையும், பம்பாயிற் செய்யப்பட்ட பத்மினி வண்டியையும் நினைவுகூர்வார், முன்கதவின் மூலையிலிருந்த முக்கோணக் கண்ணாடியை மறந்திரார். அதனைச் சிறிது திருப்பினால் ஓடும் காற்று முகத்தில் வந்து வீசும். இன்னும் சிறிது திருப்பினால் உள்ளிருக்கும் காற்று வெளியே ஈர்க்கப்படும். பொறியொன்றும் இல்லாமல் இரு தொழிலையும் செய்த அக்கண்ணாடியை நீக்கியது நன்றன்று என்பது எம் கருத்து. ஆயின், மழை புகுதலும், வேகத்தில் இரைதலும், கள்வர்க்கு வழியாதலும் அதன்கண் இருந்த குறைகள் என்பதையும் மறைத்தற்கில்லை.

அதன் இடத்தைக் கொண்டது ஊடுசெல் காற்றோட்டம். இங்கிலாந்தில் போர்டு கம்பெனியார் 1964-ஆம் ஆண்டின் இறுதியில் தம் கார்ட்டினா வண்டியில் இம்முறையை அமைத்தது முதல் இது பெருகலாயிற்று. வண்டி ஓடும்பொழுது முகப்புக் கண்ணாடியின் அடிப்புறத்தில் காற்று முட்டி அழுத்தம் மிகுகின்றது. பின்புறத்தில் அழுத்தம் குறைகின்றது. முன்னே ஒரு வாயும் பின்னே ஒரு வாயும் வைத்துவிட்டால், கண்ணாடிகள் மூடியிருப்பினும் காற்றுத் தானே புகுந்து தானே வெளியேறும். முன்வாய், கண்ணாடி துடைப்பான்களின் அடியிலுள்ள சல்லடை. பின்வாய் பல வண்டிகளில் டிக்கியின் பக்கச்சுவருக்குப் பின்னே, வெளியிலிருந்து பார்ப்பார்க்குப் புலப்படாதபடி மறைந்திருக்கும். டிக்கியில் மூட்டைகளைப் பக்கச்சுவரோடு நெருக்கி அடுக்குவார், தாம் காற்றின் போக்குவாயை அடைக்கின்றோம் என்பதை அறியார். கண்ணாடிகளெல்லாம் மூடியிருக்கையில் கதவு சாத்த வராமல் முரண்டினால், உள்ளே அகப்பட்ட காற்றுக்குப் போக்கிடம் இல்லை என்பது அதன் பொருளாகலாம்.

இனி, முகப்பிலுள்ள பொத்தான்களுள் தலையாயது ஒன்றுண்டு. வண்டியின் வடிவமும் அதனுள் வளைந்து திரும்பும் அம்பும் எழுதப்பட்டது அது. அதனை அழுத்தின் வெளிக்காற்று தடைப்பட்டு, உள்ளிருக்கும் காற்றே மீண்டும் மீண்டும் சுழலும். மீட்டும் அழுத்தின் வெளிக்காற்று வரும். முன்னரே குளிர்ந்த காற்றையே திரும்பக் குளிர்விப்பதால், உட்சுழற்சியில் ஏ.சி.க்கு வேலை குறைவு, குளிர்ச்சி விரைவு. லாரியின் பின்னே அகப்பட்டபொழுதும், சாவடியில் நிற்கும்பொழுதும், தூசி எழும்பொழுதும் இதுவே தக்கது. இந்நன்மை கண்டு, வண்டி வாங்கிய நாள் முதல் அப்பொத்தானை விடுவியாதார் பலர்.

அதனால் விளைவதென்னை? கணக்கிட்டுப் பார்ப்போம். அமர்ந்திருக்கும் ஒருவர் மணிக்கு ஏறத்தாழ 18 லிட்டர் கரியமிலவாயுவை வெளிவிடுகின்றார். நால்வராயின் 72 லிட்டர். பத்து நிமிடத்திற்கு 12 லிட்டர். சிறு வண்டியின் உள்ளிடம் ஏறத்தாழ 3,000 லிட்டர் எனக் கொள்வோம். முற்றும் அடைபட்ட வண்டியாயின், பத்தே நிமிடத்தில் அவ்வாயு உள்ளே நூற்றுக்கு 0.4 பங்கு கூடிவிடும். வெளிக்காற்றில் அது இன்று நூற்றுக்கு 0.042 பங்கு, ஆகவே உள்ளே இருப்பது பத்து மடங்கிற்கு மேலாம். எவ்வண்டியும் முற்றும் அடைபட்டதன்று; இடுக்குகளின் வழியே காற்று கசிதலின் உண்மையான அளவு இதனிற் குறையும். எனினும் உறக்க மயக்கமும் மந்தமும் தோன்றற்கு அத்துணை வேண்டுவதின்று. இரவு பதினொரு மணிக்குச் சென்னையினின்று புறப்பட்டு, நால்வரும் பேசி ஓய்ந்து, திண்டிவனம் கடந்த பின் ஓட்டுபவர் ஒருவரே விழித்திருக்கும் வண்டியை எண்ணுக. அவர் கண்ணைச் சுழற்றுவது களைப்பு மட்டுமன்று. கூடவந்தோர் மூவரும் விட்ட மூச்சுமாம். ஆதலின், குளிர்ச்சி நிலைத்த பின் அப்பொத்தானை விடுவித்து வெளிக்காற்றை வரவிடுதல் வேண்டும்; புகைக்கும் தூசிக்கும் மட்டும் அடைத்து, அவை கடந்தவுடன் திறத்தல் வேண்டும். உறக்கம் வந்தேவிட்டதாயின் காற்று மட்டும் போதாது. வண்டியை நிறுத்தி உறங்குதலே செய்யத்தக்கது.

கண்ணாடியில் ஆவி படிதல் அடுத்தது. இதில் இருவகை உண்டென்பதை அறியாமையால் மருந்து மாறிப்போகின்றது. மழைநாளில் நனைந்த ஆடையும் குடையுமாக ஏறினோரின் ஈரமும் மூச்சும் குளிர்ந்த கண்ணாடியின் உட்புறத்திற் படிவது ஒன்று. இதற்கு உட்சுழற்சியை நீக்கி, ஏ.சி.யை ஓடவிட்டு, காற்றைக் கண்ணாடியின்மேற் செலுத்துதல் வேண்டும். மழைக்காலத்தில் ஏ.சி. எதற்கு என்பார் உளர். அது காற்றைக் குளிர்விப்பதோடு அதன் ஈரத்தையும் பிரித்து நீராக வெளியே சொட்டவிடுகின்றது. ஈரம் நீங்கிய காற்றே கண்ணாடியைத் தெளிவிக்கும். வெப்பமும் சிறிது கூட்டின் இன்னும் விரையும். 2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபொழுது மயிலத்தில் ஒரு நாளைக்குள் 50 செ.மீ. அளவில் மழை கொட்டிற்று. அத்தகைய மழையில் வண்டியை வெளியே எடாமையே அறிவு; எடுக்க நேர்ந்தார்க்கு இப்பொத்தானை இருளிலும் தடவி அறியும் பழக்கம் வேண்டும்.

மற்றொன்று புறத்தே படிவது. நம் நாட்டுக் காற்று ஈரம் மிக்கது. உள்ளே ஏ.சி.யை மிகக் குளிரவைத்து அக்காற்றைக் கண்ணாடியில் அடிக்கவிட்டால், கண்ணாடி குளிர்ந்து, வெளிக்காற்றின் ஈரம் அதன் புறத்தே படியும். விடியற்பயணத்தில் இது மிகுதி. உள்ளே எத்துணைத் துடைத்தாலும் இது போகாது. மேலும் குளிர்வித்தால் மேலும் படியும். துடைப்பானை ஒருமுறை ஓட்டுக. தெளிந்தால் ஆவி புறத்தது, தெளியாவிடில் அகத்தது. புறத்ததாயின் குளிர்ச்சியைக் குறைத்துக் காற்றின் வாயைக் கண்ணாடியினின்று திருப்பிவிடின் அமையும்.

வெயிலில் நின்ற வண்டியைப் பற்றி உரைப்பது இனிமையன்று; எனினும் உரைத்தே ஆகவேண்டும். அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் 2005-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், மூடி நிறுத்திய வண்டியின் உள்வெப்பம் ஒரு மணியில் சராசரி 22 டிகிரி செல்சியசு ஏறிற்று. அவ்வேற்றத்தில் நூற்றுக்கு எண்பது பங்கு முதல் அரைமணிக்குள்ளேயே நிகழ்ந்தது. கண்ணாடியைச் சிறிது இறக்கி வைத்தும் பெரும்பயன் விளையவில்லை. வெளியே 38 டிகிரி என்றால், கணக்கின்படி உள்ளே 60 ஆகின்றது. குழந்தையின் உடல் வளர்ந்தோரினும் பன்மடங்கு விரைவில் வெம்மையுறும். விளையாட்டாக வண்டிக்குள் ஏறிக் கதவு பூட்டிக்கொண்ட சிறுவர் மாண்ட செய்திகள் நம் நாட்டுச் செய்தித்தாள்களிற் கோடைதோறும் வருகின்றன. வண்டி வீட்டு வாசலிலேயே நிற்பினும் பூட்டி வைத்தலும், சாவியைச் சிறுவர் கைக்கு எட்டாமல் வைத்தலும், பின்னிருக்கையைப் பாராமல் இறங்காமையும் விருப்பத்திற்கு விட்ட செயல்கள் அல்ல. அவ்வாறே, மூடிய கொட்டகைக்குள் இயந்திரத்தை ஓடவிட்டு ஏ.சி.யில் உறங்குதலும் உயிரை வாங்கும். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்றது, உறங்குவாரை எழுப்பாது.

வெயிலில் நின்ற வண்டியில் ஏறுங்கால், கதவுகளைத் திறந்து வைத்து அனற்காற்றை வெளியே போக்கி, கண்ணாடிகளை இறக்கியபடியே சிறிது தூரம் ஓட்டி, பின்னர் மூடிக் குளிர்விப்பதே முறை. வெளியிலுள்ள காற்றினும் உள்ளிருப்பது வெப்பம் மிக்கதாயிருக்க, அதனையே சுழலவிட்டுக் குளிர்விக்க முயல்வது வீண்.

இனிப் பேழைகளைப் பற்றிச் சில சொல்வோம். குளிர்ச்சிக்கும் சுமைக்கும் பழம்பகை ஒன்றுண்டு. அமெரிக்க நாட்டு பேக்கார்டு கம்பெனியார் 1940-ஆம் ஆண்டு வண்டிகளில் முதன்முதல் குளிர்சாதனம் வைத்தபொழுது, அது டிக்கியிற் பாதியை விழுங்கிற்று. அதனை நிறுத்த விரும்பினார் வண்டியினின்று இறங்கி, இயந்திரத்தின் வார்ப்பட்டையைக் கழற்ற வேண்டியிருந்தது! முன்னிருக்கைக்கு எதிரேயுள்ள கையுறைப்பெட்டியின் பெயரோ, திறந்த வண்டிகளில் குளிருக்குக் கையுறை அணிந்து ஓட்டிய காலத்தது. டோரதி லெவிட் என்னும் ஆங்கில மாது 1909-இல் வெளியிட்ட நூலில், இருக்கையின் கீழுள்ள இழுப்பறையிற் கையுறை முதலியன வைக்கவும், பின்வருவதைக் காணக் கைக்கண்ணாடி ஒன்று கொண்டு செல்லவும் பெண்களுக்கு அறிவுரை கூறினார். இன்று அப்பெட்டியிற் கையுறை ஒன்றொழிய எல்லாம் உள.

சில வண்டிகளில் இப்பெட்டிக்கு ஏ.சி.யினின்று சிறு குழாய் ஒன்று வரும்; உள்ளிருக்கும் திருகைத் திருப்பினால் தண்ணீர்ப் போத்தல் குளிரும். வண்டி நின்றவுடன் அக்குளிர்ச்சியும் நின்றுவிடும் என்பதை நினைவிற் கொள்க. இன்சுலின் போன்ற மருந்தை அதனுள் வைத்து மறந்து, நண்பகலில் வண்டியைப் பூட்டிச் செல்லின் மருந்து கெடும். சிகரெட் கொளுத்தும் லைட்டரும், பீச்சும் வாசனைக் குப்பியும், கைப்பேசிக்கு மின்னூட்டும் பவர் பேங்கும் வெயிலில் நிற்கும் வண்டியில் ஒருபொழுதும் வைக்கற்பாலன அல்ல.

ஒரு கிலோ எடையுள்ள போத்தலை இருக்கையின்மேல் போட்டுவைத்து, மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வண்டி நொடியின் பத்திலொரு பங்கிற்குள் மோதி நிற்குமாயின், அப்போத்தல் 17 கிலோ எடையின் விசையோடு முன்னே பாயும். அதனினும் அஞ்சத்தக்கது, அது உருண்டு சென்று பிரேக்கின் அடியிற் புகுதல். கதவுப் பையும், இருக்கை நடுவேயுள்ள குழிகளும் இதற்காகவே அமைந்தன. கனத்த பொருளை டிக்கியின் அடியில், பின்னிருக்கையின் முதுகை ஒட்டி வைத்தல் வேண்டும். முகப்புப் பலகையின்மேல் எச்சமயத்தார் எவ்வுருவை ஒட்டி வைப்பினும், காற்றுப்பை இருக்கும் மூடியின்மேல் ஒட்டலாகாது. கண்ணிமைக்கும் நேரத்திற்குள் அம்மூடி வெடித்துத் திறக்கும். புதிய வகை வண்டிகளில் ஓட்டுநர்க்கு அருகிருப்பார்க்கும் காற்றுப்பை 2021 ஏப்ரல் முதல் நம் நாட்டிற் கட்டாயமாக்கப்பட்டது.

வழியில் வாங்கிய நுங்கையும் பண்ருட்டிப் பலாவையும் டிக்கியில் ஏற்றாதார் இப்பக்கத்தில் அரியர். பலாவின் மணம் வண்டியை விட்டு நீங்கப் பல நாள் ஆகும். வெளிக்காற்றும் வெயிலுமே அதற்கு மருந்து, மேலும் ஒரு வாசனைக் குப்பி அன்று. சிந்திய பண்டம் எலியை அழைக்கும். அது துடைப்பானின் அடியிலுள்ள சல்லடை வழியே புகுந்து, காற்று வரும் குழாயிற் கூடு கட்டும்; மின்கம்பிகளையும் கடிக்கும்.

அக்குழாயின் காவலன், பெரும்பாலான வண்டிகளிற் கையுறைப்பெட்டியின் பின்னே மறைந்திருக்கும் வடிகட்டி. பெட்டியின் இருபக்கத்தையும் உள்நோக்கி நெருக்கினால், பல வண்டிகளில் அது கீழே தொங்கும். பின்னே சிறு மூடி தெரியும். நல்ல சாலைகளில் 10,000 முதல் 15,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றற்குரியதாயினும், குவாரித் தூசியில் ஓடும் வண்டிக்கு அத்துணைக் காலம் தாங்காது. விசிறி இரைந்தும் காற்று மெலிந்து வருமாயின் முதலிற் பார்க்கற்பாலது இதுவே. அதன் விளிம்பில் காற்றுச் செல்லும் திசையைக் காட்டும் அம்பு ஒன்று பொறித்திருக்கும். பழையதைக் கழற்றுமுன் அவ்வம்பு எத்திசை நோக்கியது எனக் குறித்துக்கொண்டு, புதியதையும் அவ்வாறே செருகுக.