சங்கிலி எந்தச் சக்கரத்துக்கு?

பனிக்காலத்தில் சொந்தக் காரில் குல்மார்க்குக்குப் போக எண்ணுகிறவர்கள், கம்பளிச் சட்டையைப் பற்றியும் கையுறையைப் பற்றியும், கோண்டோலா என்னும் கம்பிவட ஊர்திக்குச் சீட்டு எந்தத் தேதிக்குக் கிடைக்கும் என்பதைப் பற்றியும் ஒரு மாதம் முன்னதாகவே விசாரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள், ஆனால் "உங்கள் காரை இழுப்பது முன்சக்கரமா, பின்சக்கரமா?" என்று நான் கேட்டால், பல வருஷங்களாகக் கார் ஓட்டுகிறவர்கள்கூடப் பதில் சொல்லத் தெரியாமல் விழிக்கிறார்கள். மற்ற ஏற்பாடுகளையெல்லாம் குறைவறச் செய்துகொண்டு இந்த ஒன்றை அறியாமல் மலையேறுகிறவருக்கு அந்த ஏற்பாடுகளால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்பது என் திடமான அபிப்பிராயம். நான் அதை அறிந்திருந்தேன். அறிந்ததை வாய்விட்டுச் சொல்லவும் செய்தேன். என் பேச்சு எடுபடாமற்போனதன் பலனைத்தான் நானும் என் குடும்பத்தாரும் அனுபவித்தோம்.

ஜம்முவில் உத்தியோகம் பார்க்கிற நம் போன்றவர்களுக்கு ஸ்ரீநகர் வரையுள்ள பாதையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. போக்குவரத்துப் போலீசாரின் அறிவிப்பைப் பார்த்து, ராம்பனுக்கும் பனிஹாலுக்கும் நடுவே மலை சரிந்திருக்கிறதா, வண்டிகளை எந்தத் திசையில் விடுகிறார்கள் என்று தெரிந்துகொண்டு, விடியுமுன் கிளம்பிவிட வேண்டும். செனானி–நாஷ்ரி சுரங்கமும், எட்டரைக் கிலோமீட்டர் நீளமுள்ள பனிஹால்–காசிகுண்ட் சுரங்கமும் வந்த பிறகு, பழைய ஜவஹர் சுரங்கத்து வாயிலில் காத்துக்கிடந்த காலம் போய்விட்டது. ஸ்ரீநகரில் ஓர் இரவு தங்கிப் பெட்ரோல் நிரப்பிக்கொண்டு, நார்பல், மாகாம் வழியாகத் தங்மார்க் போய்ச் சேருவதில் யாருக்கும் பெரிய சிரமம் இருப்பதற்கில்லை. சிரமம் எல்லாம் தங்மார்க்குக்கு மேலேயுள்ள 13 கிலோமீட்டரில்தான்.

அந்தப் 13 கிலோமீட்டருக்குள் பாதை சுமார் 500 மீட்டர் உயர்ந்து, ஊசியிலைக் காடுகளினூடே கொண்டையூசி வளைவுகளாகச் சுற்றிச் சுற்றி ஏறி, 2,650 மீட்டர் உயரத்திலுள்ள குல்மார்க் புல்வெளியை அடைகிறது. டிசம்பர் 21-ஆம் தேதி தொடங்கி நாற்பது நாள் நீடிக்கும் 'சில்லைக் கலான்' என்னும் கடுங்குளிர்ப் பருவத்தில்தான் பனிச்சறுக்குக்காரர்கள் வந்து குவிகிறார்கள்; பாதை மிகவும் கெட்டிருப்பதும் அப்பொழுதுதான். பனி விழுந்திருக்கும் நாட்களில், நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியாவது, டயரில் சங்கிலி பூட்டிய வண்டியாவது இல்லாவிட்டால், தங்மார்க்கிலேயே போலீசார் நிறுத்திவிடுவார்கள். அது நியாயமான விதி. ஆனால் சங்கிலி இருக்கிறதா என்று பார்க்கிறவர்கள், அது சரியான சக்கரத்தில் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை.

நாங்கள் போனபோது கனத்த பனி. திருச்சியிலிருந்து வந்திருந்த என் மைத்துனர் குடும்பமும் எங்களுடன் இருந்தது. பாதையோரத்தில் சங்கிலி வாடகைக்கு விடும் பையன்கள் காரைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர்களில் ஒருவன் நான் இறங்குவதற்குள் பின்சக்கரத்தடியில் உட்கார்ந்து பூட்டத் தொடங்கிவிட்டான். "இது முன்சக்கரத்தால் ஓடுகிற கார், சங்கிலியை முன்னால் பூட்டு" என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் சொன்னேன். அவன் சிரித்துக்கொண்டே, எல்லா வண்டிக்கும் பின்னால்தான் பூட்டுவது வழக்கம் என்றான். அவன் மேல் எனக்குக் கோபமில்லை. அவன் தினந்தோறும் பூட்டிப் பழகியவை பின்சக்கரத்தால் ஓடும் டாடா சுமோக்கள். அவற்றுக்கு அவன் செய்தது சரி. என் மனஸ்தாபம் எல்லாம் என் மைத்துனரிடத்தில்தான். பின்ஸீட்டில் ஷாலைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த அவர், "மாப்பிள்ளை, இந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவனுக்குத் தெரியாததா நமக்குத் தெரிந்துவிடப் போகிறது? குழந்தைகள் குளிரில் நடுங்குகிறார்கள், சீக்கிரம் கிளம்புங்கள்" என்றார். வயதில் மூத்தவர், விருந்தாளியாக வந்தவர், அவருடைய மனைவி மக்கள் முன்னிலையில் அவரை மறுத்துப் பேசுவது மரியாதையல்ல என்று கருதி நான் மேற்கொண்டு வாதாடவில்லை. இன்றும் அதே சந்தர்ப்பம் வந்தால் நான் அவ்விதமே நடந்துகொள்வேன் என்றுதான் நினைக்கிறேன். நாகரிகமாக நடந்துகொண்டவனைக் குற்றவாளியாக்குவது தர்மமல்ல.

முதல் சில வளைவுகள் வரை ஒன்றும் தெரியவில்லை. பனி அகற்றும் யந்திரம் அப்பொழுதுதான் போயிருந்தபடியால், தார் ஆங்காங்கே கறுப்பாகத் தெரிந்தது. மேலே செல்லச் செல்லப் புதுப்பனி மூடிக்கொண்டு, முன்சக்கரங்கள் வெறுமனே சுழலத் தொடங்கின. நின்றுவிடாமல் இருக்க வேண்டுமென்று சற்று வேகம் கொடுத்து வலப்புறக் கொண்டையூசி ஒன்றில் நுழைந்தேன். ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்தேன். சக்கரம் திரும்பியது, கார் திரும்பவில்லை. திரும்பிய சக்கரங்களைப் பக்கவாட்டில் தேய்த்துக்கொண்டே நேராகப் போய், ஓரத்தில் குவிந்திருந்த பனிச்சுவரில் முட்டி நின்றது. வெறும் பனியாக இருந்திருந்தால் ஒரு சேதமும் ஆகியிராது. அதற்குள் பாதையோரக் கைப்பிடிக் கல் மறைந்திருந்தது. பம்பர் பிளந்தது, வெண்பனியின் மேல் ரேடியேட்டர் நீர் பச்சை நிறமாகக் கசிந்து, ஆவி பறக்கப் பரவியது. அந்தக் கல் அங்கே இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை, அதற்கப்பால் எட்டிப் பார்த்த என் மனைவி அறிவாள்.

நம் நாட்டில் ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலானவற்றில் இழுப்பதும் முன்சக்கரம், திரும்புவதும் முன்சக்கரம், பிரேக் அழுத்தும்போது பெரும் பாரத்தைத் தாங்குவதும் முன்சக்கரம். சங்கிலியைப் பின்னால் பூட்டிவிட்டால், இம்மூன்று காரியங்களையும் செய்ய வேண்டிய சக்கரங்கள் வெறும் ரப்பரோடு நிற்க, சும்மா உருண்டு வருகிற சக்கரங்களுக்கு இரும்புப் பிடிப்புக் கிடைக்கிறது. உங்கள் கார் எவ்வகை என்று சந்தேகமிருந்தால், காரோடு கொடுத்த புஸ்தகத்தைப் பாருங்கள். அது இல்லையென்றால், இளமணலில் நிறுத்திச் சற்று வெடுக்கென்று எடுத்துப் பாருங்கள். மணலை வாரி இறைக்கிற சக்கரந்தான் இழுக்கிற சக்கரம். முடியுமானால் நான்கு சக்கரங்களுக்கும் சங்கிலி வாங்கிவிடுவது எல்லாவற்றிலும் உத்தமம். வாடகைக்கு எடுக்காதீர்கள். டயரின் பக்கவாட்டில் 165/80 ஆர் 14 என்பது போல அச்சிட்டிருக்கும் அளவைக் காட்டி ஜம்முவிலேயே விலைக்கு வாங்கி, வீட்டு வாசலில் உலர்ந்த தரையில் கையுறை போட்ட கையாலேயே பூட்டிப் பழகிக்கொள்ளுங்கள். பூட்டிய பின் நூறு அடி ஓட்டி நிறுத்தி, தளர்ந்திருப்பதை மறுபடி இறுக்க வேண்டும். சங்கிலியோடு மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் போகலாகாது.

காரைக் கீழே இழுத்து வந்ததும், ரேடியேட்டருக்காக ஸ்ரீநகரில் காத்திருந்ததும், கோண்டோலாச் சீட்டும் ஓட்டலுக்குக் கொடுத்த முன்பணமும் வீணானதும் விஸ்தரிக்கத் தக்கவையல்ல. ஆனால் ஒன்றைச் சொல்லாமலிருக்க முடியவில்லை. என் மைத்துனர் ஊருக்குத் திரும்பி, "மாப்பிள்ளைக்கு மலையில் ஓட்டிப் பழக்கமில்லை" என்று கல்யாண வீடுகளில் சொல்லிவருவதாகக் கேள்விப்படுகிறேன். அதே குளிர்காலத்தில், அதே காரில், அதே பாதையில், சங்கிலியை நானே முன்சக்கரத்தில் பூட்டிக்கொண்டு, மனைவியோடு குல்மார்க் போய்த் தங்கித் திரும்பினேன் என்பதை அவர் ஒரு சபையிலும் சொல்வதில்லை. கார் எங்கும் வழுக்கவில்லை. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழக் கால் பங்கு குறைந்துவிடுவதால் யந்திரம் சற்று இளைத்ததே தவிர, வேறு குறை தெரியவில்லை.

மேலே இரவு நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிடாதீர்கள். ஈரம் உறைந்து பிரேக் பிடித்துக்கொண்டால், காலையில் பின்சக்கரம் அசையாது. கியரில் விட்டு, சக்கரத்துக்கு அடியில் கல்லை வையுங்கள். வைப்பரைக் கண்ணாடியிலிருந்து தூக்கி நிறுத்துங்கள். கண்ணாடியில் உறைந்த பனியின் மேல் வெந்நீர் ஊற்றுகிறவர்களைப் பார்த்தேன்; கண்ணாடி விரிந்துபோகும், அந்த முட்டாள்தனம் வேண்டாம்.

இவற்றையெல்லாம்விட முக்கியமானது, பனியில் சிக்கி நின்றுவிட்ட காருக்குள் யந்திரத்தை ஓடவிட்டுக்கொண்டு தூங்கக்கூடாது என்பது. புகைக்குழாயின் வாயைப் பனி மூடிவிட்டால், நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்ஸைடு உள்ளே நிறைந்து, தூக்கத்திலேயே உயிரைக் குடித்துவிடும். 2022 ஜனவரியில் பாகிஸ்தானின் மர்ரி மலைப் பாதையில் பனிப் பொழிவில் அகப்பட்டு 20-க்கும் மேற்பட்டோர் மாண்டபோது, அவர்களிற் சிலர் இவ்விதமே மாண்டார்கள். மாண்டவர்களில் குழந்தைகளும் உண்டு. சிக்கிக்கொண்டால், அடிக்கடி இறங்கிப் புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை மண்வெட்டியால் தள்ளிவிட்டு, கண்ணாடியைச் சற்றுத் திறந்து வைத்துக்கொண்டு, யந்திரத்தைச் சிறிது நேரம் மட்டும் ஓட்டி நிறுத்துங்கள். எனவே ஒரு மண்வெட்டி காரில் கட்டாயம் இருக்க வேண்டும். உங்களுடையது பெட்ரோல் கார் என்றே கொள்கிறேன். குளிரில் டீசல் உறைகிற உபத்திரவம் நமக்கில்லை.

இறங்கும் வேளையைத் தேர்ந்துகொள்வதில் கவனம் வேண்டும். முற்பகல் வெயிலில் இளகிய பனி, சாயங்காலம் மரநிழல் விழுந்த வளைவுகளில் கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டியாக உறைந்துவிடுகிறது; ஆகையால் நண்பகலுக்குள் புறப்பட்டுவிடுங்கள். முதல் கியரிலோ இரண்டாவதிலோ வைத்து, வேகத்தை யந்திரமே கட்டுப்படுத்தும்படி விட்டு, பிரேக்கை வளைவுக்கு முன்பே மெதுவாகத் தொட்டு, வளைவுக்குள் தொடாமல் திருப்ப வேண்டும். முன்னால் மட்டும் சங்கிலி பூட்டிய கார் இறக்கத்தில் பிரேக்கை அழுத்தினால், பின்புறம் பக்கவாட்டில் வீசிக்கொண்டு வரும். நான்கு சங்கிலி உத்தமம் என்று மேலே சொன்னது இதனால்தான். பின்னால் சுமோக்காரர்கள் ஹாரன் அடித்தால், அகலமான இடம் வந்ததும் ஒதுங்கி அவர்களை விட்டுவிடுங்கள். அவர்களுடைய வேகத்துக்கு ஈடுகொடுக்க நினைக்காதீர்கள். தங்மார்க்கை நெருங்கிப் பனியில்லாத தார் தொடர்ச்சியாகத் தெரிந்தவுடன் ஓரமாக நிறுத்திச் சங்கிலியைக் கழற்றிவிடுங்கள். வெறுந்தாரில் ஓடினால் அது அறுந்து, பிரேக் குழாயையும் சேர்த்து அறுத்துவிடும். கழற்றிய சங்கிலியை நன்றாகத் துடைத்துப் பைக்குள் போட்டு, டிக்கியில் மேலாகவே வையுங்கள். திரும்பும் வழியில் பனிஹாலுக்கு இப்பால் மறுபடியும் பனி விழுந்திருக்கக்கூடும்.