மோருக் குன்றுகளில் ஒரு ஞாயிறு

கிழக்கு ஆப்பிரிக்காவில், தான்சானியா நாட்டின் வடபகுதியில், செரங்கெட்டி என்னும் பெரும்புல்வெளி பரந்து கிடக்கின்றது. முடிவின்றி நீண்டு செல்லும் நிலம் என்பது மாசாய் மக்களின் மொழியில் அப்பெயருக்குப் பொருள் என்பர். 1951-ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக அமைக்கப்பட்ட அந்நிலத்தின் பரப்பு இன்று 14,763 சதுரக் கிலோமீட்டர் ஆகும். அதன் நடுவே செரோனெரா என்னும் சிற்றூர் இருக்கின்றது. வனவிலங்குகளை ஆராய்வோர், காவலர், வண்டி ஓட்டுவோர், சமைப்போர் எனப் பலர் அங்குத் தங்கித் தொழில் புரிகின்றனர்.

சிங்கங்களுக்கிடையே வாழும் அவர்தம் வாழ்க்கை வீரச்செயல்கள் நிறைந்தது என்று நாம் எண்ணிவிடுதல் கூடாது. அவர்கள் தொழிலில் பெரும்பகுதி எண்ணுவதும் எழுதுவதுமே ஆகும். அங்குச் சிங்கங்களைப் பற்றிய ஆராய்ச்சி 1966-இல் தொடங்கியது. சிங்கத்தின் மீசைமயிர் முளைக்கும் இடத்திலுள்ள புள்ளிகள் ஒன்றுக்கிருப்பதுபோல் மற்றொன்றுக்கு இரா. நம் கைரேகையைப் போன்றவை அவை. அப்புள்ளிகளைத் தொலைநோக்கியால் கண்டு, படத்தோடு ஒப்பிட்டு, இது இன்ன சிங்கம் என்று துணிய வேண்டும். சிங்கமோ ஒரு நாளில் ஏறத்தாழ 20 மணி நேரம் படுத்தே கிடப்பது! உறங்கும் சிங்கம் முகத்தைத் திருப்பும் வரையில், வெயிலில் கொதிக்கும் வண்டிக்குள் அசையாது காத்திருத்தல் எத்துணைப் பொறுமை வேண்டும் செயல்! மற்றொருவர் புல்லை அளவாக வெட்டி, உலர்த்தி, நிறுத்துக் குறித்துக்கொண்டிருப்பார். வேறொருவர் சேற்றில் புதைந்த சக்கரத்தை மண்வெட்டியால் மீட்டுக்கொண்டிருப்பார்.

இவ்வாறு ஆறு நாள் உழைத்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை வந்ததும் எங்கே செல்வர்? நகரத்திற்கு என்பீர்கள். பெருநகராகிய அருஷா 300 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. ஆகவே அவர்கள் செல்வது அதே காட்டிற்குள்தான்! ஆயினும், அன்று குறிப்பேடு வண்டியில் ஏறுதல் கூடாது என்பது அவர்களுக்குள் ஓர் உடன்பாடு. எவரேனும் வழியில் விலங்குகளை எண்ணத் தொடங்கினால், மறுநாள் காலையில் அனைவருக்கும் அவரே தேநீர் வைத்துக் கொடுக்க வேண்டும். மாணவர்களே, அத்தகையதொரு குழுவோடு நாமும் மனத்தால் ஒரு நாள் சென்று வருவோமாக.

மே மாதக் கடைசி. மழை ஓய்ந்துவிட்டது. புல் பொன்னிறம் கொள்ளத் தொடங்கியிருக்கின்றது. பழைய லாண்ட்ரோவர் வண்டியொன்றில் அறுவர் நெருங்கி அமர்ந்துள்ளனர். சிங்கங்களை ஆராயும் அம்மையார் ஒருவர், புல்லை நிறுக்கும் இளைஞர், முதிய பறவையறிஞர், ஓட்டுநர், சமையற்காரர், துப்பாக்கி தாங்கிய காவலர். கூடையில் சூடான தேநீர், வாழைப்பழம், அவித்த முட்டை, சப்பாத்தி ஆகியன உள்ளன. ஆம், சப்பாத்தியேதான். இந்திய நாட்டு வணிகரும் தொழிலாளரும் கடல் கடந்து கொண்டு சென்ற அவ்வுணவு, பெயரும் மாறாமல் அந்நாட்டு மக்களின் உணவாகிவிட்டது.

சிறிது தொலைவு சென்றதும் செட்சி ஈக்கள் வண்டிக்குள் புகுந்தன. உறக்க நோயைப் பரப்பும் ஈ இது. கடித்தால் ஊசி தைத்தாற்போல் இருக்கும். நீல நிறமும் கருநிறமும் இதற்கு மிக விருப்பம். அன்று புதிதாய் நீலச் சட்டை அணிந்து வந்த புல்லிளைஞர்மீதே ஈக்களெல்லாம் மொய்த்தன. "எங்களைக் காத்த வள்ளலே!" என்று ஏனையோர் அவரைப் புகழ்ந்து நகைத்தனர்.

செரோனெராவுக்குத் தெற்கே மோருக் குன்றுகள் உள்ளன. செரங்கெட்டியின் தென்பகுதி, எரிமலைகள் கக்கிய சாம்பல் படிந்து உருவான சமநிலம். அச்சாம்பற் கடலில் மூழ்காது தலைநீட்டி நிற்கும் தொன்மையான கருங்கற் பாறைத் திட்டுகளே இக்குன்றுகள். சிறு தலை என்னும் பொருள்படும் டச்சு மொழிச் சொல்லாலேயே இவற்றைக் குறிக்கின்றனர், பொருத்தமான பெயர்தான். பாறையிடுக்குகளில் மழைநீர் தேங்குவதால் வெட்டவெளியில் இல்லாத மரங்கள் இங்கே வளர்ந்து நிழல் தருகின்றன. நிழலை விரும்புவோர் மனிதர் மட்டும் அல்லரே! ஆதலின் இறங்குவதற்கு இசைவளிக்கப்பட்ட இடத்திலும், காவலர் முன்சென்று சிங்கமோ சிறுத்தையோ இல்லை என்று உறுதிசெய்த பின்னரே மற்றவர்கள் இறங்கினர். முயலளவே உள்ள ஹைராக்ஸ் என்னும் விலங்குகள் பாறைமேல் வரிசையாக அமர்ந்து வெயில் காய்ந்தன. இச்சிறு விலங்கு யானைக்கு நெருங்கிய உறவு என்று உயிர்நூலார் கூறுவர். நம்ப அரிதாயினும் உண்மையே.

அங்கே பெரும்பாறை ஒன்று மற்றொரு பாறையின்மேல் தங்கி நிற்கின்றது. அதன்மீது உருண்டையான குழிகள் பல காணப்படுகின்றன. சிறு கல்லொன்றை எடுத்து அக்குழியில் தட்டினால், ஆகா! கோயிற் சேகண்டியை ஒத்த ஓசை எழுகின்றது. ஒவ்வொரு குழியிலும் ஓசை வேறுபடுகின்றது. எத்தனையோ தலைமுறையினர் தட்டித் தட்டித் தேய்ந்த குழிகள் அவை. பறவையறிஞரும் சமையற்காரரும் ஆளுக்கொரு கல்லோடு இசை விருந்து தொடங்கினர். தாளம் சிறிதும் பொருந்தவில்லை. ஹைராக்ஸ்கள் பாறையிடுக்கில் ஓடி ஒளிந்தன.

அருகிலுள்ள மற்றொரு குன்றில், கவிந்த பாறையின் அடியில், சிவப்பு, வெள்ளை, கறுப்பு நிறங்களால் தீட்டிய ஓவியங்கள் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை நீண்ட கேடயங்கள். மாசாய் வீரர் தம் கேடயத்தில் தீட்டும் கோலங்கள், அவர் எக்குழுவினர் என்பதை அறிவிக்கும் அடையாளங்களாகும். ஆடுமாடு மேய்ப்பதையே வாழ்வாகக் கொண்ட அம்மக்களிடம் ஒரு வழக்கம் உண்டு. இளைஞர்கள் தம் தோழரோடு காளை ஒன்றை ஓட்டிக்கொண்டு ஊரைவிட்டு விலகி, இத்தகைய மறைவிடங்களில் தங்கி, இறைச்சி விருந்துண்டு, பாடி மகிழ்ந்து உடல் தேற்றித் திரும்புவர். இவ்வோவியங்களும் அவ்வாறு வந்தவர்கள் தீட்டியனவே என்று கருதுகின்றனர். "அப்படியானால் அவர்களும் நம்மைப்போல் விடுமுறைக்கு வந்தவர்கள்!" என்றார் அம்மையார்.

காவலர் மாசாய் மரபினர். "என் பாட்டனார் இந்நிலத்தில் மாடு மேய்த்தவர்," என்று அவர் மெல்லக் கூறினார். சப்பாத்தியைப் பிட்ட கைகள் சற்றே நின்றன.

அது நிகழ்ந்தது இவ்வாறு: ஆங்கிலேயர் ஆட்சியில், 1958-இல், மாசாய் மூத்தோர் பன்னிருவர் செரங்கெட்டியை விட்டு நீங்குவதாக உடன்படிக்கையில் ஒப்பமிட்டனர். 1959-இல் அம்மக்களுக்கெனக் கிழக்கே கொரங்கோரோ பகுதி ஒதுக்கப்பட்டது. உடன்படிக்கையின் பொருள் அம்மூத்தோருக்கு முற்றும் விளங்கியிருந்ததா என்பது இன்றளவும் வாதிக்கப்படும் வினா. 2022 முதல் கொரங்கோரோவிலிருந்தும் அவர்களைத் தொலைவிலுள்ள வேறிடத்தில் குடியேற்றும் முயற்சி நடந்து வருகின்றது.

"மக்களும் மாடுகளும் பெருகியிருப்பின் இவ்வளவு விலங்குகள் எஞ்சியிரா," என்றார் புல்லிளைஞர். பறவையறிஞர் தலையை அசைத்தார். "மாட்டுமான் கதையை நீர் கேட்டதில்லையா?" என்று தொடங்கினார். வில்டபீஸ்டு எனப்படும் மாட்டுமான்களே செரங்கெட்டியில் மிகுதி. 1958-ஐ ஒட்டி, கிரிசிமெக் என்னும் ஜெர்மானியத் தந்தையும் மகனும் விமானத்தில் பறந்து எண்ணியபோது அவை ஏறத்தாழ 1 இலட்சமே இருந்தன. அப்பணியின்போதே, 1959 சனவரியில், மகன் மைக்கேல் விமான விபத்தில் உயிர்நீத்தார். இன்று மாட்டுமான்கள் ஏறத்தாழ 13 இலட்சம். பெருகியதன் காரணம் யாது? 1890-களில் ஆப்பிரிக்காவைச் சூறையாடிய வெக்கை நோய், அதன் பின்னரும் காட்டு விலங்குகளின் கன்றுகளை மாய்த்துக்கொண்டே இருந்தது. சுற்றுப்புறத்து மேய்ப்பர்களின் மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டனர். 1960-களின் தொடக்கத்தில் மாட்டுமான்களிடமிருந்தும் அந்நோய் அகன்றது. மாசாயர் காட்டு விலங்குகளை உணவுக்காக வேட்டையாடுவதும் அரிது. மேய்ப்பரை அகற்றினால் விலங்கு பெருகும் என்று எளிதிற் கூறிவிடுதல் இயலாது என்பதற்கு இது சான்றன்றோ?

"ஆயினும் காவல் வேண்டும்," என்றார் காவலரே. 1970-களின் பிற்பகுதியிலும் 1980-களிலும் கொம்புக்காகக் கள்ள வேட்டையாடியோர் செரங்கெட்டியின் காண்டாமிருகங்களைக் கிட்டத்தட்ட அழித்தேவிட்டனர். எஞ்சிய ஒரு சிலவற்றுக்கு இம்மோருக் குன்றுகளே புகலிடமாயின. இன்றும் அவற்றை இரவும் பகலும் காவலர் காத்து வருகின்றனர். பாட்டனார் மாடு மேய்த்த நிலத்தில் பேரர் துப்பாக்கியோடு காவல் நிற்கின்றார். இது பெருமையா, துயரமா என்று எவரும் அவரைக் கேட்கவில்லை, அவரும் கூறவில்லை. எஞ்சியிருந்த முட்டையை உரித்து ஓட்டுநரிடம் நீட்டினார்.

இருட்டுமுன் செரோனெராவுக்குத் திரும்பிவிட வேண்டும். வண்டி புறப்படுமுன் காவலர் அந்த ஒலிக்கும் பாறைக்கருகே சென்று, இரு கற்களால் சீராகத் தட்டினார். அதுவரை இசை விருந்து நடத்திய இருவரும் தம் கற்களை ஓசைப்படாமல் கீழே வைத்துவிட்டனர்.

திரும்பும் வழியில் மாட்டுமான் கூட்டமொன்று, ஒன்றன்பின் ஒன்றாய், பாதையைக் கடந்தது. வண்டியை நிறுத்தினர். புழுதியில் மாலை வெயில் சிவந்து பரவிற்று. கனைப்பொலியும் குளம்பொலியும் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. நெடுநேரம் எவரும் பேசவில்லை. பின்னிருக்கையில் மட்டும் அம்மையாரின் உதடுகள் மெல்ல அசைந்துகொண்டிருந்தன.

"எத்தனை?" என்றார் சமையற்காரர்.

"நானூற்று ஏழு," என்று அம்மையார் தம்மை மறந்து விடையளித்தார்.

"நாளைத் தேநீருக்குச் சர்க்கரை சற்று மிகுதியாகப் போடுங்கள் அம்மா," என்றார் ஓட்டுநர்.