பெரிய கட்டத்துக்கு எந்த பிளீட்? – ஸ்காட்லாந்து கில்ட் சொல்லும் தையல் கணக்கு



தையல் தொழில் செய்யும் நம் குழு உறுப்பினர்களுக்காக இந்த இதழில் கொஞ்சம் தூரத்து ஊர்ப் பாடம். ஸ்காட்லாந்தில் ஆண்கள் விசேஷங்களுக்கு முழங்கால் வரை கட்டும் கட்டம் போட்ட கம்பளி உடையை டிவியில் பார்த்திருப்பீங்க. அதற்குப் பெயர் கில்ட். பாவாடை மாதிரி இருக்கே என்று சிரிக்க வேண்டாம். மலைநாட்டு மக்களின் இந்த உடையைத் தடை செய்து 1746-ல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் சட்டமே போட்டது. 1782-ல்தான் அது நீங்கியது. அவ்வளவு மானமும் வீம்பும் அந்த மடிப்புக்குள் இருக்கு!

கில்டுக்கு முன்பக்கம் மடிப்பு கிடையாது. இரண்டு தட்டைத் துண்டு ஒன்றன் மேல் ஒன்று வரும். பின்பக்கம் முழுக்க பிளீட். இடுப்பிலிருந்து சீட் வரை பிளீட்டைத் தைத்துவிட்டு, அதற்குக் கீழே அவிழ்த்து விடுவார்கள். கீழ் ஓரத்தை மடித்துத் தைப்பதில்லை, துணியின் கரையே ஓரமாக நிற்கும். நன்றாகத் தைத்த கில்டுக்கு 8 கஜம் துணி போகும். கையால் தைத்தால் கைதேர்ந்தவருக்கே பதினைந்து, இருபது மணி நேரம் ஆகும். ஆகவே பிளீட்டை எப்படிப் பிடிப்பது என்று முதலிலேயே முடிவு செய்யாவிட்டால் துணியும் போச்சு, கூலியும் போச்சு.

டார்ட்டன் என்பது அந்தக் கட்டத் துணி. நம்ம ஊர் லுங்கி மாதிரி நெடுக்கிலும் குறுக்கிலும் ஒரே வரிசையில் நிறங்கள் ஓடும். ஒரு முழு வரிசை முடிந்து மறுபடி தொடங்கும் அளவை அங்கே 'செட்' என்கிறார்கள். செட் 6 இஞ்ச் இருந்தால் பிரச்சினை இல்லை. 9 இஞ்ச், 10 இஞ்ச் என்று பெரிதானால்தான் யோசனை வேண்டும்.

பிளீட் பிடிக்க இரண்டு முக்கிய வழி உண்டு. முதல் வழியில் ஒவ்வொரு பிளீட்டின் நடுவிலும் ஒரே கோடு வரும்படி மடிப்பார்கள். கோர்டன் ஹைலேண்டர்ஸ் என்ற படைப்பிரிவு (1794 முதல் 1994 வரை இருந்தது) மஞ்சள் கோட்டை இப்படித்தான் பிடித்தது. பின்னால் பார்த்தால் வரிசையாக மஞ்சள் கோடு, நடக்கும்போது உள்ளே ஒளிந்த நிறம் மின்னும். இன்னொரு வழியில், மடித்த பிறகும் பின்பக்கத்தில் முழுக் கட்டம் அப்படியே தெரிய வேண்டும். துணியை மடிக்கவே இல்லையோ என்று தோன்றும்.

இப்போது கணக்குக்கு வருவோம். சீட் 40 இஞ்ச் என்றால் பிளீட் வரும் பகுதி சுமார் 20 இஞ்ச். 8 கஜம் என்பது 288 இஞ்ச். முன் துண்டுகளுக்கு ஏறக்குறைய 60 போனால் மீதி 228. செட் 9 இஞ்ச் என்று வையுங்கள். கோட்டு முறையில் ஒரு பிளீட்டுக்கு சரியாக ஒரு செட், அதாவது 9 இஞ்ச் போகும். 25 பிளீட் வரும், ஒவ்வொன்றும் வெளியே முக்கால் இஞ்சுக்குச் சற்று மேல் தெரியும். கட்ட முறையில் ஒரு செட்டோடு, வெளியே தெரியும் அகலத்தையும் சேர்க்கணும். அப்போதுதான் அடுத்த பிளீட்டில் கட்டம் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆகவே 23 பிளீட்தான். இந்தக் கூடுதலை மறந்து துணி வாங்கினால் கடைசி இரண்டு பிளீட்டுக்குத் துணி இருக்காது.

சரி, பெரிய கட்டத்துக்கு எது நல்லது? என் கருத்து, பெரும்பாலும் கட்ட முறைதான். ஏனென்றால் பெரிய கட்டத்தில் ஒரு நிறமே இரண்டு மூன்று இஞ்ச் அகலம் இருக்கும். முக்கால் இஞ்ச் பிளீட்டில் அதில் ஒரு துண்டுதான் தெரியும். பின்பக்கம் ஒரே நிறமாகி, குறுக்குப் பட்டைகள் மட்டும் நிற்கும். ஆளும் அகலமாகத் தெரிவார். ஆனால் லூயிஸ் மெக்லியோட் டார்ட்டன் மாதிரி பளீர் மஞ்சளும் கறுப்பும் உள்ள துணியில் இதுவே வசதி. கறுப்பை வெளியே வைத்தால் நிற்கும்போது அடக்கமாக இருக்கும், நடந்தால் மஞ்சள் பாயும். மஞ்சளை வெளியே வைத்தால் ஊரே திரும்பிப் பார்க்கும்! போடுகிறவரைக் கேட்காமல் நாம் முடிவு செய்யக்கூடாது.

துணி குறைவு என்றால் பாக்ஸ் பிளீட் இருக்கு. 9 இஞ்ச் செட்டில் 3 இஞ்ச் வெளியே, 6 இஞ்ச் உள்ளே. ஏழு பிளீட் போதும், 63 இஞ்ச்தான் ஆகும். மொத்தம் 4 கஜத்துக்குள் முடியும். கட்டமும் அழகாகத் தெரியும். வீச்சு மட்டும் கொஞ்சம் குறையும்.

இடுப்பு சீட்டைவிடக் குறுகலாக இருக்குமே, அதையும் கவனிக்கணும். பின்பக்கத்தில் 3 இஞ்ச் குறைக்க வேண்டுமானால் 25 பிளீட்டிலும் தலைக்கு ஒரு நூல் அளவு குறைத்தால் போதும். இரண்டு பக்கமும் சமமாக எடுக்கணும். ஒரு பக்கம் மட்டும் எடுத்தால் கோடு சாய்ந்துவிடும், எத்தனை இஸ்திரி போட்டாலும் நிமிராது.

நம்மில் பலர் பள்ளிச் சீருடைக்குக் கட்டம் போட்ட பிளீட் பாவாடை தைக்கிறோம். ஆர்டர் கொடுப்பவர் துணியை மீட்டர் கணக்கில் அளந்து கொடுக்கிறார். குறைந்தால் குழுவின் தலையில்தான் விழுகிறது. அதனால் துணியை வாங்கிய அன்றே ஒரு கட்டத்தின் அளவை டேப் வைத்து எழுதுங்கள். எத்தனை பிளீட், எத்தனை இஞ்ச் என்று கணக்குப் போட்டு, போதாது என்றால் கத்தரியை எடுப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

பயிற்சிக்கு, வீட்டில் இருக்கும் பழைய பெரிய கட்ட லுங்கி ஒன்றை எடுங்கள். பாதியைக் கோட்டு முறையிலும் பாதியைக் கட்ட முறையிலும் குண்டூசி போட்டு மடித்து, சுவரில் தொங்கவிட்டுப் பத்தடி தள்ளி நின்று பாருங்கள். அடுத்த கூட்டத்துக்கு அதை அப்படியே கொண்டு வாங்க.