ஊற்று நீரும் உருக்கு மாடமும்

அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்தில் வெஸ்ட் பேடன் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்குள்ள ஊற்று நீரில் அழுகிய முட்டை நாற்றம் வீசும். ஆயினும், நோய் தீரும் என்று நம்பி, அந்நீரைக் குடிக்க மக்கள் ரயிலேறி வந்தனர்.

அந்நீரில் இருப்பது என்ன? மழைநீர் நிலத்தடியில் சுண்ணாம்புப் பாறை, ஜிப்சம் அடுக்குகளின் வழியே செல்லும்போது உப்புகளைக் கரைத்துக்கொள்கிறது. கரைந்த சல்பேட்டைச் சில பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவாக மாற்றுகின்றன. நாற்றத்துக்குக் காரணம் இதுவே. மெக்னீசியம் சல்பேட்டும் சோடியம் சல்பேட்டும் குடலில் நீரைத் தேக்கிப் பேதியை உண்டாக்கும். மலச்சிக்கல் நீங்கியது உண்மை. மற்ற நோய்களையும் அது தீர்த்தது என்பதற்குச் சான்றில்லை.

ஊற்றுகளின் மேல் அழகிய சிறு மண்டபங்கள் எழுந்தன. அருகே குதிரைகளும் சைக்கிள்களும் ஓட ஈரடுக்கு ஓடுபாதை இருந்தது. 1901ஆம் ஆண்டு ஜூன் மாதம் மரத்தாலான பழைய விடுதி தீயில் எரிந்தது. உரிமையாளர் லீ சின்க்ளேர் மனம் தளரவில்லை. கட்டடக் கலைஞர் ஹாரிசன் ஆல்பிரைட்டைக் கொண்டு 1902ஆம் ஆண்டிலேயே புதிய விடுதியை எழுப்பினார்.

அதன் நடுக்கூடத்தின் மேல் 61 மீட்டர் விட்டமுள்ள குவிமாடம் உள்ளது. ரோமாபுரியின் புகழ்பெற்ற பாந்தியன் மாடத்தின் விட்டம் சுமார் 43 மீட்டர்தான்! இங்கே நடுவில் ஒரு தூணும் இல்லை. 24 உருக்கு விலாக்கள் கூரையைத் தாங்குகின்றன.

வெயிலில் உருக்கு விரியுமே, சுவர் வெடிக்காதா? கணக்கிட்டுப் பார்ப்போம். வெப்பநிலை 1 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால், 1 மீட்டர் உருக்கு 0.000012 மீட்டர் நீளும். 30 டிகிரி உயர்ந்தால்:

61 × 0.000012 × 30 = 0.022 மீட்டர்

அதாவது விட்டம் சுமார் 2.2 சென்டிமீட்டர் கூடும். இதற்காகவே விலாக்களின் வெளிமுனைகள் உருளைகளின் மேல் அமர்த்தப்பட்டன. விலா விரிந்தால் உருளை நகரும், சுவர் தப்பும்.

பொருளாதார மந்தத்தால் 1932இல் விடுதி மூடப்பட்டது. பின்னர் பாதிரிமார் பயிலும் இடமாகவும் கல்லூரியாகவும் விளங்கிய கட்டடம், இறுதியில் பராமரிப்பின்றிக் கிடந்தது. கூரையிலும் வடிகுழாய்களிலும் தேங்கிய நீர் உறைந்தது. நீர் பனிக்கட்டியாகும்போது அதன் கன அளவு சுமார் 9 சதவீதம் கூடும். 1991 ஜனவரியில் வெளிச்சுவரின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. பழுது நீக்கப்பட்டு, 2007இல் விடுதி மீண்டும் திறக்கப்பட்டது.

விரிவதற்கு இடம் தந்த மாடம் நின்றது. பனிக்கட்டிக்கு இடமில்லாத சுவர் சரிந்தது. அடுத்த முறை பாலத்தைக் கடக்கும்போது, அதில் விடப்பட்டுள்ள இடைவெளியைக் கவனியுங்கள். அதன் காரணம் உங்களுக்கு இப்போது விளங்கும்.